இடதுக்குத்தான் போடுவேன், ஆனால் எந்த இடதுக்கு? திருகோணமலை வாக்குக் கணக்கு

வணக்கம். தேர்தல் கிட்டே வந்தால் எங்கள் ஊரில் இடது பக்கம் சாய்ந்தவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒரே வாக்குவாதம்தான். திசைகாட்டிச் சின்னத்துக்கு, அதாவது தேசிய மக்கள் சக்திக்குப் போடுவதா, இல்லை அதற்கும் இடப்பக்கம் நின்று "நீங்கள் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) பாதையிலேயே போகிறீர்கள்" என்று அதைக் கண்டிக்கிற முன்னிலை சோசலிசக் கட்சி மாதிரிச் சின்னக் கட்சிக்குப் போடுவதா? சின்னதுக்குப் போட்டால் வாக்கு வீண்தானே?

இதற்கு ஆம், இல்லை என்று உடனே பதில் சொல்பவரை நம்பாதீர்கள். முதலில் எந்தத் தேர்தல் என்று கேளுங்கள். நாங்கள் ஒரே பென்சிலால்தான் அடையாளம் போடுகிறோம், ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் அந்த வாக்கு போகிற வழி வேறு, பாராளுமன்றத் தேர்தலில் வேறு, உள்ளூராட்சியில் வேறு. இந்த வீடியோவில் யாருக்குப் போடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. உங்கள் வாக்கு எங்கே போய் விழுகிறது என்பதைக் காட்டப் போகிறேன்.

[திரையில்: ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டு மாதிரி, 1, 2, 3]

ஜனாதிபதித் தேர்தல்தான் எல்லாவற்றிலும் லேசு, அதைத்தான் நாங்கள் அதிகம் வீணாக்குகிறோம். யாரும் ஐம்பது வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெளியே. அப்படி வெளியேறியவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2, 3 என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, மிஞ்சிய இருவரில் ஒருவருடைய பெயர் இருந்தால் அவருக்குச் சேர்ப்பார்கள். 2024 செப்டெம்பரில்தான் முதல் தடவையாக இந்த இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. முதல் இருவரான அனுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் அல்லாமல் மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அதில் இரண்டாவது எண்ணிக்கையில் இந்த இருவருக்கும் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். மிச்சம் 30 இலட்சம் சீட்டுகளுக்குக் கடைசி முடிவில் பேச்சே இல்லை.

ஆகவே இங்கே தந்திரம் என்று ஒன்று தேவையே இல்லை. மனதுக்குப் பிடித்த சின்ன இடது வேட்பாளருக்கு 1, சகித்துக்கொள்ளக் கூடியவருக்கு 2. உங்கள் 1 அவர்களுடைய பலத்தைக் காட்டும், உங்கள் 2 தேவைப்பட்டால் வேலை செய்யும். புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்காமல் 1, 2, 3 என்றே எழுதிவிடுங்கள்.

சரி, பாராளுமன்றத்துக்கு வருவோம். சிக்கல் இங்கேதான், அதுவும் எங்கள் மாவட்டத்தில் ரொம்பவே.

[திரையில்: திருகோணமலை மாவட்ட வரைபடம். திருகோணமலை, மூதூர், சேருவில]

மூன்று தேர்தல் தொகுதி, மொத்தம் நாலே நாலு ஆசனம். மாவட்டத்தில் முதலாவதாக வருகிற கட்சிக்கு போனஸாக ஒரு ஆசனம் முதலிலேயே போய்விடும். கம்பஹாவில் 19 ஆசனத்தில் ஒன்று போனஸ் என்றால் பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு அது நாலில் ஒன்று. ஐந்து வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சிகளின் வாக்குகளைக் கழித்துவிட்டு (1988 வரைக்கும் இந்த வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை வீதமாக இருந்தது), மிச்சத்தை மூன்றால் பிரிப்பார்கள். வருகிற தொகை எத்தனை தடவை முழுதாக ஒரு கட்சிக்குள் அடங்குகிறதோ அத்தனை ஆசனம். அதற்குப் பிறகும் ஆசனம் மிஞ்சினால், மீதி வாக்கு யாருக்கு அதிகமோ அவருக்கு.

2024 நவம்பரை எடுத்துப் பாருங்கள், கணக்கு லேசாக இருக்க ஆயிரத்துக்கு முழுமையாக்கிச் சொல்கிறேன். தேசிய மக்கள் சக்தி 87,000. ஐக்கிய மக்கள் சக்தி (தொலைபேசிச் சின்னம்) 53,000. தமிழரசுக் கட்சி (வீட்டுச் சின்னம்) 34,000. வேறு எவரும் ஐந்து வீதம் எடுக்கவில்லை. கூட்டினால் 1,74,000, மூன்றால் பிரித்தால் 58,000. போனஸ் திசைகாட்டிக்கு. 58,000 முழுதாக அடங்குவதும் அவர்களிடம் மட்டும்தான், ஒரு தடவை. அதோடு இரண்டு. மிஞ்சிய இரண்டு ஆசனத்துக்கும் மீதிகளைப் பாருங்கள்: தொலைபேசிக்கு 53,000, வீட்டுக்கு 34,000, திசைகாட்டிக்கு 29,000. முதல் இருவருக்கும் ஒவ்வொன்று.

[திரையில்: 34,000 மற்றும் 29,000, இரண்டும் பெரிதாக]

இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்திருங்கள். எங்கள் மாவட்டத்தில் 2024 இல் உண்மையான போட்டி நடந்தது இந்தக் கடைசி ஆசனத்துக்குத்தான், அது ஏறக்குறைய ஐயாயிரத்தில் முடிந்தது. அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் மற்ற மாவட்டங்களில் மோதிக்கொண்டு இங்கே மட்டும் ஒரே வீட்டுச் சின்னத்தில் நின்றதன் பெறுமதி இப்போது விளங்கும். ஆறாயிரம் வாக்கு பிரிந்து போயிருந்தாலே அந்த ஆசனம் கைவிட்டுப் போயிருக்கும்.

அப்படியென்றால் சின்ன இடதுக்கும் மற்ற உதிரிக் கட்சிகளுக்கும் போட்டவர்கள் திசைகாட்டிக்குப் போட்டிருந்தால் மூன்றாவது ஆசனம் வந்திருக்குமா? வந்திருக்கும், ஆனால் ஐயாயிரம் போதாது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே கிடந்த வாக்கு மேலே வரும்போது 58,000 என்ற அந்தத் தொகையும் கூடவே ஏறுகிறது, அதனால் மூன்று புதிய வாக்கில் இரண்டுதான் மீதியில் சேரும். கிட்டத்தட்ட எட்டாயிரம் வேண்டும். தொலைபேசியில் இருந்து நகர்ந்தால் மொத்தம் மாறாது, ஐயாயிரத்துச் சொச்சம் போதும். ஆகவே "சின்னக் கட்சிதான் எங்கள் ஆசனத்தைக் கெடுத்தது" என்று யாராவது சொன்னால், அந்தக் கட்சி இங்கே எத்தனை வாக்கு எடுத்தது என்று முதலில் கேளுங்கள். எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

ஒரு தமிழ் இடதுசாரி வாக்காளருக்கு இதில் இன்னொரு பாரம் இருக்கிறது, அதைப் பேசாமல் விடுவது நேர்மையில்லை. திசைகாட்டியின் மூன்றாவது ஆசனம் வானத்தில் இருந்து வராது, வீட்டுச் சின்னத்தின் ஒரே ஆசனத்தில் இருந்துதான் வரும். காணிப் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிகிற மாவட்டத்தில், தமிழ்க் கட்சியின் குரல் ஒன்றுகூட இல்லாத நிலைமையை ஏற்பீர்களா, அல்லது வர்க்க அரசியல்தான் காணிக்கும் வழி என்று நம்புகிறீர்களா? இதற்குக் கால்குலேட்டரில் பதில் கிடையாது. எனக்கு முதலாவது கேள்வி கனமாகத் தெரிகிறது. சீனக்குடாவில் நிற்கிற எண்ணெய்க் குதங்கள் (தாங்கிகள்) வெளிநாட்டுக் கைக்குப் போவதைப் பற்றிக் கவலைப்படுகிற என் நண்பர்கள் சிலருக்கு இரண்டாவது கனம், அவர்களையும் நான் மதிக்கிறேன்.

இப்போது சின்னக் கட்சி. முன்னிலை சோசலிசக் கட்சி 2012 இல், தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பான ஜே.வி.பி.யில் (மக்கள் விடுதலை முன்னணி) இருந்து பிரிந்து வந்தது. அதற்கோ அது சார்ந்த கூட்டணிக்கோ இங்கே போடுகிற வாக்கு ஐந்து வீதத்தைத் தாண்டாவிட்டால் மாவட்ட ஆசனக் கணக்கில் இல்லை. ஆனால் காற்றோடு போய்விடுவதும் இல்லை. தேசியப் பட்டியலில் 29 ஆசனம் இருக்கிறது, அது நாடு முழுக்க எடுத்த மொத்த வாக்கில் பிரிக்கப்படுகிறது, அங்கே மாவட்ட வெட்டுப்புள்ளி வேலை செய்யாது. 2020 இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுக்க ஒரு மாவட்டத்திலும் ஆசனம் எடுக்கவில்லை. சுமார் 2,49,000 வாக்குக்குக் கிடைத்த அந்த ஒற்றைத் தேசியப் பட்டியல் ஆசனத்தில்தான் ரணில் விக்ரமசிங்க உள்ளே வந்தார், 2022 இல் ஜனாதிபதியும் ஆனார். அதே 2020 இல் சுமார் 67,000 வாக்கு எடுத்த இன்னொரு கட்சிக்கும் ஒரு ஆசனம் கிடைத்தது. ஆகவே உங்கள் சின்ன இடது கட்சி நாடு முழுக்க அந்த அளவை நெருங்குமா என்று பாருங்கள். நெருங்கும் என்றால் கிண்ணியாவில் விழுகிற வாக்கும் வெருகலில் விழுகிற வாக்கும் அந்த உண்டியலில்தான் சேர்கிறது.

இன்னொன்று. 2020 இல் தேசிய மக்கள் சக்தியே திருகோணமலையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் கிடந்தது, நாடு முழுக்க 4 வீதம்கூட இல்லை, மூன்று ஆசனம். அன்றைக்கு "வீண்" என்று சொல்லப்பட்ட அந்த வாக்கைப் போட்டவர்கள் இல்லாவிட்டால் 2024 இல் 159 ஆசனம் எடுத்த கட்சி உயிரோடு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விருப்பு வாக்கையும் மறக்க வேண்டாம். கட்சிக்குப் போட்டபின் அதே பட்டியலில் மூன்று பேருக்கு வரைக்கும் போடலாம், எங்கள் மாவட்டத்தில் ஒரு பட்டியலில் ஏழு பேர். பெரிய இடதுக்குப் போட முடிவெடுத்தவர்கள், அதற்குள்ளே தொழிற்சங்கத்தில் இருந்தோ மீனவர் சங்கத்தில் இருந்தோ வந்தவரை மேலே தள்ள இதுதான் வழி. பலர் கட்சிக்கு மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், எனக்கு அது மனவருத்தம்.

உள்ளூராட்சியைப் பற்றிச் சுருக்கமாக: உறுப்பினர்களில் அறுபது வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், நாற்பது வீதம் கட்சிப் பட்டியலில் இருந்து, ஆளுக்கு ஒரே வாக்கு. வட்டாரத்தில் தோற்ற கட்சியின் வாக்கும் சபையின் மொத்தக் கணக்கில் சேர்வதால், 25 பேர் உள்ள சபை என்றால் நூற்றுக்கு நாலு எடுத்தாலே ஒரு உறுப்பினருக்குக் கிட்ட வந்துவிடலாம். சின்ன இடதுக்குத் துணிந்து போடுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அவர்கள் உங்கள் சபைக்குப் போட்டியிடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாகாண சபையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். கிழக்கில் கடைசியாக 2012 இல் வாக்களித்தோம், 2017 இல் அந்தச் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று அந்த வருடம் தொடங்கிய வேலைதான் இத்தனை காலமாக அதைத் தள்ளிப்போட வைத்தது. பழைய விகிதாசார முறையா, தொகுதியும் பட்டியலும் கலந்த கலப்பு முறையா என்பதைப் பொறுத்துச் சின்னக் கட்சிக்குப் போடுகிற வாக்கின் பெறுமதி முழுதாக மாறிவிடும். எந்த முறை என்று தெரியாமல் இப்போதே "இதற்குப் போடுங்கள்" என்று உங்களிடம் வருபவர்களிடம், கையில் என்ன கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள்.