கிளாட் மாக்ல மார்க் ஏறாம அப்படியே நிக்குதா? எனக்கு எது நகத்துச்சுன்னு சொல்லுதேன்

வணக்கம் மக்கா, எல்லாரும் எப்டி இருக்கிய? சேரன்மாதேவி வீட்டு மொட்டமாடில இருந்து பேசுதேன், கீழ அப்பாவோட சைக்கிள் கடை, இடையில தட்டுற சத்தம் கேட்டா கண்டுக்காதிய.

கிளாட், அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர எழுதுற நுழைவுத்தேர்வு, அதுக்கு படிக்கவங்களுக்கு ஒரு கட்டம் வரும், மாக்ல, அதான் மாதிரித் தேர்வுல, மார்க் அசையவே அசையாது. எனக்கு அது 78. ஆறு மாக் எழுதியும் 77, 78, 79ன்னு அதுக்குள்ளயே சுத்துது. கோச்சிங்ல கேட்டா இன்னும் நெறைய எழுதுன்னாவ, நானும் வாரத்துக்கு ஒண்ணு எழுதுனத மூணாக்கி, பஸ் ஏறி பாளையங்கோட்டை போயி எழுதி எழுதி கை வலிச்சதுதான் மிச்சம், அதே 78. அழுகையா வந்துச்சு.

அப்புறம்தான் ஒருநா உக்காந்து கணக்கு போட்டேன். மொத்தம் 120 கேள்வி, 120 நிமிஷம், சரிக்கு 1, தப்புக்கு கால் மார்க் போயிரும். நான் 118 எழுதி 86 சரி, 32 தப்பு. அந்த 32லயே 8 மார்க் காலி. ஒரு தப்ப சரியாக்குனா 1 இல்ல, 1.25 கூடுது, அப்ப நாலே நாலு தப்ப திருத்துனா 5 மார்க். இது தெரிஞ்சதும் மூணு வாரம் புது மாக்கே தொடல. பழைய ஆறு பேப்பரையும் எடுத்து, தப்பான கேள்வி ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல ஒரு வரி எழுதுனேன். "கவனக்குறைவு"ன்னு எழுதக்கூடாது, அதுல ஒண்ணும் புரியாது. அந்த ஆப்ஷன டிக் அடிக்கும்போது மனசுல என்ன ஓடுச்சு, அத எழுதணும்.

ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. லீகல் ரீசனிங் பகுதில ஒரு சட்ட விதிய பேசேஜா குடுத்து, அத வச்சுதான் கேள்வி கேப்பாவ. அதுல களவு பத்தி ஒரு பேசேஜ். ஒருத்தன் வாட்ச ரிப்பேருக்கு குடுக்கான், கடைக்காரர் கூலிக்காக வாட்ச கைல வச்சிருக்காரு, இவன் காசு குடுக்காம அவருக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிருதான். நான் களவு இல்லன்னு போட்டேன், அவன் வாட்சுதானேன்னு. தப்பு. அப்பாகிட்ட கேட்டேன், கேட்ட ஒடனே, "ஏட்டி, வேலைய முடிச்சு வச்சிருக்கேன், கூலி தராம தூக்கிட்டுப் போனா களவு இல்லாம என்ன?"ன்னாவ. சரிதான். அடுத்த கேள்வி, கூலி பாக்கி எதுவும் இல்ல, கடைக்காரர் கையில இருந்து வாட்ச எல்லாரும் பாக்க புடுங்கிட்டுப் போறான். அப்பா இதுவும் களவுன்னாவ. ஆனா இல்ல! அத்துமீறி நொழஞ்சதுக்கும் கை வச்சதுக்கும் கேஸ் ஆகலாம், நேர்மையில்லாம எடுக்கணும்ங்கிற எண்ணம் இல்லாததால களவு ஆகாது. பழைய ஐபிசி, அதான் இந்திய தண்டனைச் சட்டம், 378ல இருக்க உதாரணமே இதுதான், 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா பிஎன்எஸ்ங்கிற புதுச் சட்டம் வந்துட்டு.

பாத்தியளா, அப்பா கடைக்காரரா யோசிச்சாவ, நான் வாட்சுக்காரனா யோசிச்சேன், பேசேஜ்ல எழுதியிருந்தத ரெண்டு பேரும் பாக்கல. "யார் பொருள்"னு அது கேக்கவே இல்ல, "யார் கைவசம் இருந்துச்சு, என்ன எண்ணத்துல எடுத்தான்"னுதான் கேக்குது. என் நோட்டுல லீகல் தப்புல பாதிக்கு மேல இதே கதைதான், எனக்கு நியாயமா பட்டத டிக் அடிச்சிருக்கேன். இப்பல்லாம் பேசேஜ் படிக்கும்போதே நிபந்தனை வார்த்தைகள பென்சில்ல கோடு போட்டுருவேன், டிக் அடிக்க முன்ன விரல அந்த கோட்டுல வச்சுப் பாக்கணும், விரல் வைக்க எடம் இல்லன்னா அந்த ஆப்ஷன் வேண்டாம்.

பரீட்சைல வர கணக்குப் பகுதில ரொம்ப நேரம் உக்காராதிய, மொத்தமே 10ல இருந்து 14 கேள்விதான்.

மூணு வாரம் கழிச்சு எழுதுன மாக்ல 110 தான் தொட்டேன், 90 சரி, 20 தப்பு, 85. சந்தோசத்துல மொத ஆளா ஆச்சிகிட்டதான் ஓடிப்போய் சொன்னேன். கரண்ட் அஃபேர்ஸ் தப்பெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கு, அதுக்கு தனி நோட்டு போட்டுருக்கேன். ஞாயித்துக்கிழமை அடுத்த மாக், எழுதிட்டு வந்து அந்த பேப்பர இங்கனயே விரிச்சு காட்டுதேன்.