மறந்துபோன எஃகு வடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஹூஸ்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்திருக்கும் பெரியவர்களே, படிக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1999இல் நடந்த போன்ஃபயர் விபத்தில் மாண்ட பன்னிரண்டு பேருக்கு உண்மையான அஞ்சலி எது? அந்த மரபைப் பல்கலைக்கழக வளாகத்தில் மீண்டும் தொடங்குவதா, நிறுத்தியே வைப்பதா? இதுதான் இன்றைய வழக்கு. நிறுத்தியே வைப்பதுதான் அஞ்சலி என்று வாதாட வந்திருக்கிறேன். இது நமக்கு யார் வீட்டுக் கதையோ இல்லை. இந்த அரங்கத்தில் இருக்கும் எத்தனையோ பேரின் பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனில் படிக்கிறார்கள், படித்திருக்கிறார்கள்.

இந்த மரபு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்கக் கால்பந்தில் பரம்பரைப் போட்டி. அந்த ஆட்டத்துக்கு முன்னால் வளாகத்தில் ஒரு பெரும் தீ மூட்டுவார்கள், அதுதான் போன்ஃபயர். நம் ஊரில் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவோமே, அதைப் பல மடங்கு பெரிதாக்கி நினைத்துப் பாருங்கள். 1909 வாக்கில் கிடைத்த கட்டை, பெட்டி, குப்பையைக் குவித்துக் கொளுத்தியதில் தொடங்கியது. பிறகு மாணவர்களே காட்டுக்குப் போய் மரம் வெட்டி, லாரியில் ஏற்றிவந்து, மாதக்கணக்கில் உழைத்து அடுக்கும் கோபுரமாக வளர்ந்தது. 1969இல் 109 அடியைத் தாண்டி உலக சாதனை. அது பயமுறுத்தியதால்தான் 55 அடிக்கு மேல் போகக்கூடாது என்று பிறகு விதி வைத்தார்கள்.

1999 நவம்பர் 18, விடியற்காலை 2 மணி 42 நிமிடம். கட்டி முடியாத கோபுரம் சரிந்தது. சுமார் 5,000 மரக்கட்டைகள். அப்போது அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் 58 பேர். பன்னிரண்டு பேர் இறந்தார்கள், 27 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் பதினொருவர் மாணவர்கள், ஒருவர் முன்னாள் மாணவர். கிரேனை வைத்து இழுத்தால் உள்ளே சிக்கியிருப்பவர் மேல் கட்டை உருளுமே என்று, பல இடங்களில் ஒவ்வொரு கட்டையாகக் கையால் எடுத்தார்கள். பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். கட்டைகளுக்கு அடியில் ஒரு மாணவர் ஏழு மணி நேரம் உயிரோடு கிடந்து மீட்கப்பட்டார்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி உருக்கமாகப் பேசினார். "அந்தப் பன்னிரண்டு பேரும் அந்த மரபை உயிராக நேசித்தார்கள், அதைத் தொடர்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை, மரபு என்பதே ஒரு சமூகத்தின் ஞாபகம்" என்றார். நேசித்தார்கள் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். வகுப்பு முடிந்து, தூக்கத்தை விட்டு, நவம்பர்க் குளிரில் நள்ளிரவில் கட்டை தூக்கியவர்களின் அன்பைச் சந்தேகிக்க நான் யார்? ஆனால் மரபு என்பது ஞாபகம் என்றாரே, அங்கேதான் நான் நிற்கிறேன். இந்த மரபுக்கு ஞாபகம் இருந்ததா?

விபத்தை விசாரிக்கப் பல்கலைக்கழகம் ஒரு தனி ஆணையம் அமைத்தது. ஹூஸ்டன் கட்டுமானத் துறையைச் சேர்ந்த லியோ லின்பெக் அதன் தலைவர். 2000 மே மாதம் அறிக்கை வந்தது. கோபுரம் கல்யாண கேக் மாதிரி அடுக்கடுக்கானது. கீழே ஓர் அடுக்கு, அதன்மேல் குறுகலாக இன்னொன்று, இப்படி. இரண்டாம் அடுக்குக் கட்டைகளைக் கீழடுக்குக் கட்டைகளின் இடுக்கில் ஆப்பு அடிப்பதுபோலத் திணித்திருந்தார்கள். ஆப்பு இறங்க இறங்கக் கீழடுக்கு வெளிப்பக்கம் பிதுங்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது கட்டைகளைச் சுற்றிய கம்பிதான். அந்தக் கம்பிக்கு அவ்வளவு பலம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கீழடுக்கைச் சுற்றி எஃகு வடம் கட்டியிருக்கிறார்கள். 1999இல் அந்த வடம் கட்டப்படவில்லை.

நடுவர் அவர்களே, இந்த ஒரு விவரத்தில் மட்டும் என்னைக் கொஞ்சம் நிற்க விடுங்கள். வடம் ஏன் இல்லாமல் போனது? யாரும் கெட்ட எண்ணத்தில் அவிழ்த்து எறியவில்லை. அந்தக் கோபுரத்துக்குப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட வரைபடம் கிடையாது, பாரக் கணக்கு கிடையாது. சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பார், ஜூனியர் அடுத்த வருடம் தன் ஜூனியருக்குச் சொல்வார். நாலு வருடத்தில் எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிக் கைமாறுகிற அறிவில் எது தங்கும், எது உதிரும்? பாட்டு தங்கும். தலைக்கவசத்தின் நிறம் தங்கும், யார் யாருக்குத் தலைவர் என்பது தங்கும். நடுக்கம்பம் நள்ளிரவு தாண்டியும் சாயாமல் நின்றால் ஆட்டம் நமக்கு என்கிற நம்பிக்கைகூடத் தங்கும். உயிரைக் காக்கும் வடம் உதிர்ந்துவிட்டது. அந்த வடம் எதற்கு என்று கேட்கும் கடமை அங்கே யாருடைய வேலையாகவும் இல்லை.

1994இலும் கோபுரம் ஓரளவு சரிந்தது. அன்றைக்கு உயிர்ச்சேதம் இல்லை. மழையில் ஊறிய தரை என்றார்கள். பிரித்தார்கள், மீண்டும் கட்டினார்கள், கொளுத்தினார்கள். சில நாட்களிலேயே திரும்பக் கட்டி முடித்ததை வீரமாகத்தான் நினைத்தார்கள். அந்த ஒரு முறை நிறுத்தி, ஒரு பொறியாளரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டிருந்தால்? அமெரிக்காவின் மிகப் பெரிய பொறியியல் கல்லூரிகளில் ஒன்று அதே வளாகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 1955இலும் 1982இலும் போன்ஃபயர் வேலையை ஒட்டி நடந்த வாகன விபத்துகளில் ஒவ்வொரு மாணவர் உயிர் போயிருக்கிறது. 55 அடி என்று விதி இருந்தும் 1999இல் சரிந்த கோபுரத்தின் உயரம் 59 அடி. போன வருடம் ஒன்றும் ஆகவில்லை, அதனால் இந்த வருடமும் ஆகாது. தொண்ணூறு வருடம் இந்தக் கணக்கில்தான் ஓடியிருக்கிறது. ஆணையமும் கட்டையையும் கம்பியையும் மட்டும் குறை சொல்லவில்லை. பல ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தில் வேரோடிப்போன மனப்போக்கையும் சேர்த்துத்தான் குறை சொன்னது.

அதனால் "அவர்கள் மரபுக்காக உயிர் கொடுத்தார்கள்" என்று தம்பி சொன்னதை நான் ஏற்க மாட்டேன். ஆபத்தின் அளவு தெரிந்து, சரி பரவாயில்லை என்று ஏறியவரைப் பற்றி அப்படிப் பேசலாம். இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் அந்த அளவைச் சொல்லவே இல்லை. சொல்வதற்கு எவரும் அளந்து பார்த்திருக்கவும் இல்லை. அவர்கள் நம்பி ஏறினார்கள். அந்த நம்பிக்கையை ஏமாற்றிய மரபையே அவர்களுக்கு மாலையாகப் போடச் சொல்கிறீர்களா?

எதிரணிச் சகோதரி வேறு வழியில் வந்தார். "பொறியாளர்களை வைத்துப் பாதுகாப்பாகக் கட்டலாமே" என்றார். நியாயமான கேள்வி. பல்கலைக்கழகமே அதை யோசித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2024இல் ஏ அண்ட் எம் இருக்கும் லீகிலேயே வந்து சேர்ந்தது. பல வருடம் நின்றிருந்த ஆட்டம் திரும்பப்போகிறது என்றதும் போன்ஃபயர் பேச்சும் எழுந்தது. தொழில்முறை ஆட்களை வைத்துக் கட்டுவது உட்பட எல்லா வழியையும் ஆராய்ந்தார்கள். கடைசியில் அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் மார்க் வெல்ஷ், அது நம் கடந்த காலத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். எனக்கு அந்த முடிவு சரியாகப் படுகிறது. மாணவர் கையால் கட்டுவதுதானே அந்த மரபின் உயிர்? ஒப்பந்தக்காரர் கட்டி, பிள்ளைகள் தடுப்புக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தால், அது வேறு ஏதோ ஒரு விழா. பிள்ளைகள் கையிலேயே கொடுத்தால் பழைய ஆபத்து. இரண்டும் வேண்டும் என்றால் எப்படி?

சகோதரி இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குக் கடினமான கேள்வி. வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் சொந்தமாகக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள், பல்கலைக்கழகம் கண்ணை மூடிக்கொண்டால் ஆபத்து கூடாதா என்றார். உண்மைதான், 2000களின் தொடக்கத்திலிருந்து அது நடக்கிறது. ஆனால் அவர்கள் பழைய முறையில் கட்டவில்லை. ஒவ்வொரு கட்டையும் தரையைத் தொட்டு நிற்கிற மாதிரி வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். மேலடுக்கு, ஆப்பு, பிதுக்கம் எதுவும் இல்லை. எனக்கு அதிலும் பயம் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் பல்கலைக்கழகம் தன் பெயரையும் முத்திரையையும் கொடுத்து, புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் "இதில் சேர்ந்தால்தான் நீ நம்மில் ஒருவன்" என்று சொல்லாமல் இருக்கிறதே, அது பெரிய வித்தியாசம். ஒரு பிள்ளை மறுத்துவிட்டு விடுதியில் தூங்கலாம். அன்றைக்கு அப்படி மறுப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

போன்ஃபயர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளை மறந்துவிடுவார்கள் என்று எதிரணி அஞ்சுகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தவர்கள் அப்படி அஞ்ச மாட்டார்கள். இறந்தவர்களை நினைப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்கள்தான். 1898இலிருந்து சில்வர் டாப்ஸ் நடக்கிறது. படிக்கும் மாணவர் ஒருவர் இறந்தால், மாதத்தின் முதல் செவ்வாய் இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் பேச்சின்றிக் கூடி நிற்பார்கள். துப்பாக்கி மரியாதை, பிறகு மூன்று முறை எக்காளம். ஏப்ரல் 21 அன்று மஸ்டர். அந்த வருடம் இறந்த ஆகீஸ், அதாவது ஏ அண்ட் எம் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் வந்ததும் உறவினரோ நண்பரோ "இங்கே" என்று குரல் கொடுப்பார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இதற்கு ஒரு மரம்கூட வெட்ட வேண்டாம்.

கோபுரம் சரிந்த இடத்திலேயே 2004 நவம்பர் 18 அன்று நினைவிடம் திறந்தார்கள். 170 அடி விட்டமுள்ள வளையம், அதில் பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. வாசல்களை இணைக்கும் 27 கற்கள் காயப்பட்டவர்களுக்கு. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில், அதே 2 மணி 42 நிமிடத்தில், 1999இல் பிறந்தே இராத பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

நினைவிடத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான். முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது ஆணைய அறிக்கையில்தான் இருக்கிறது. எதிரணி நண்பர்கள் மரபைப் புதுப்பிக்கச் செலவிடும் ஆர்வத்தை இந்தப் பக்கம் திருப்பட்டும். அங்கே சேரும் ஒவ்வொரு பொறியியல் மாணவரும் முதல் வருடத்திலேயே அந்த அறிக்கையைப் படிக்கட்டும். ஆப்பு எப்படி வேலை செய்தது, கம்பி எவ்வளவு தாங்கியிருக்கும், வடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன் கையால் கணக்குப் போடட்டும். அப்புறம் அந்த வாசலில் போய் நிற்கட்டும்.

இறந்தவர்களின் குடும்பங்களிலேயே மரபு தொடர வேண்டும் என்றவர்களும் உண்டு, வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்களில் எவரையும் எதிர்த்துப் பேச எனக்கு உரிமை இல்லை. நான் பேசுவது இனிமேல் அந்த வளாகத்துக்குள் நுழையப்போகும் பிள்ளைகளுக்காக. 2024 நவம்பர் 30 அன்று அந்த ஆட்டம் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்ட் மைதானத்தில் நிரம்பி வழிந்த கூட்டத்தோடு நடந்தது. வளாகத்தில் தீ இல்லை. ஏ அண்ட் எம் தோற்றது. தோற்ற வருத்தத்தோடு பிள்ளைகள் விடுதிக்கும் வீட்டுக்கும் திரும்பிப் போனார்கள். எங்கள் அணி கேட்பது அந்த வருத்தத்தை மட்டும்தான் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.