விமானம் எப்போது திக்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஆர்வம் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களிலும் வளர்ந்துவருகிறது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், 2024 நவம்பரில் வந்த அதன் அடுத்த பதிப்பு, எக்ஸ்-பிளேன் 12 ஆகியவைதான் இங்கே பெரும்பாலும் நான் பார்ப்பவை. கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் என்னிடம் இவற்றைக் குறித்து வரும் முறையீடு ஏறக்குறைய ஒன்றுதான். விமானம் வழுவழுவென்று போய்க்கொண்டிருக்கும்போதே திரை ஒரு கணம் நின்றுவிடுகிறது; பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நகர்கிறது; சிறிது நேரம் கழித்து மறுபடியும் நிற்கிறது. 'ஸ்டட்டர்' என்று சொல்லப்படும் இந்தத் திக்கலுக்கு மருந்தாகப் பலரும் முதலில் செய்வது, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி மாட்டுவது. அந்தச் செலவில் பாதிக்கு மேல் வீண் என்பது என் கருத்து. எதை மாற்றலாம் என்று யோசிக்கும் முன், திக்கல் எப்போது வருகிறது என்பதைக் கவனித்துத் தாளில் குறித்துக்கொண்டால், காரணம் பெரும்பாலும் அந்தக் குறிப்பிலேயே வெளிப்பட்டுவிடும்.

திரையின் மூலையில் தெரியும் 'விநாடிக்கு இத்தனை பிரேம்' என்ற எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். பிரேம் என்பது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம்; அந்த எண்ணோ ஒரு சராசரி. விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடியில் தயாராக வேண்டும். 30 என்றால் 33.3 மில்லி விநாடி. இடையில் ஒரே ஒரு பிரேம் 150 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். ஆனால் சராசரி எண்ணோ 60-இலிருந்து 50-க்குச் சற்று மேலே இறங்கி, அடுத்த விநாடியே பழையபடி நிற்கும். கண்டாங்கிச் சேலையில் ஓரிடத்தில் ஊடை இழை விட்டுப்போயிருந்தால், முழம் போட்டு அளந்து பார்ப்பவருக்கு அது தெரியாது, உடுத்துகிறவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். ஆகவே பார்க்க வேண்டியது பிரேம் நேரத்தின் வரைபடம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கினால் இந்த வரைபடம் திரையிலேயே கிடைக்கும். எக்ஸ்-பிளேனிலும் பிரேம் நேரத்தையும், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு ஆகிய இரண்டின் நேரத்தையும் தனித்தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது.

அடுத்து, சோதனைக்கென்று ஒரே ஒரு பயணத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொண்டு தெற்கே வந்தால் சுமார் 25 நிமிடத்தில் காரைக்குடிக்கு மேலே இருப்பீர்கள். உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட செட்டிநாட்டு ஓடுதளத்தின் மேல் தாழப் பறந்து பார்க்க நம்மூர்க்காரர்கள் யாருக்குத்தான் ஆசை இருக்காது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வானிலை தெளிவாக இருக்கட்டும், நேரம் நண்பகலாக இருக்கட்டும், பிற விமானங்களின் போக்குவரத்தும் இணையத்திலிருந்து வரும் நேரடி வானிலையும் நிறுத்தப்பட்டிருக்கட்டும். இந்த நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி அதே பயணத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். காணொளியில் யாரோ சொன்ன இருபது மாற்றங்களை ஒரே மூச்சில் செய்துவிட்டு, எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு உதவுவது மிகவும் கடினம். பல சமயம் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வேலையையே தொடங்க முடிகிறது.

இனி, திக்கல் வரும் நேரத்துக்கு வருகிறேன். கடிகாரம் வைத்தாற்போலச் சரியான இடைவெளியில் வரும் திக்கலுக்குச் சிமுலேட்டரின் காட்சிகள் காரணமாக இருப்பது அரிது. விமானம் கடல் மேல் போனாலும் நகரத்தின் மேல் போனாலும் அதே இடைவெளியில் வருகிறதென்றால், கணினிக்குள் வேறு ஏதோ ஒன்று குறித்த நேரத்துக்கு ஒரு முறை விழித்துக்கொள்கிறது என்று பொருள். விசைப்பலகையின் வண்ண விளக்குகளை இயக்கும் மென்பொருள், வெப்பநிலையை அளந்து காட்டும் மென்பொருள், வைரஸ் தடுப்பு, கோப்புகளை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் சேவை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பழைய சிமுலேட்டர்களில் பயணத்தைத் தானாகச் சேமிக்கும் ஆட்-ஆன் (தனியாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வசதியை இயக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் விமானம் ஒரு கணம் நிற்கும். இவற்றையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரு முறை பறந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இடைவெளி ஒழுங்காக இல்லாமல், ஆனால் அடிக்கடி, அரை விநாடிக்கு மேல் நீளும் நிறுத்தம் என்றால் நான் முதலில் கேட்பது ஜாய்ஸ்டிக்கைப் பற்றித்தான். யோக் (கைப்பிடிச் சக்கரம்), த்ராட்டில் (எஞ்சின் விசை நெம்புகோல்), ரட்டர் பெடல் (கால்மிதி) ஆகிய மூன்றையும் மின் இணைப்பில்லாத ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகி வைத்திருப்பார்கள். ஹப்புக்கு மின்சாரம் போதாமலோ, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக விண்டோஸ் அந்தப் பொருத்துவாயை உறங்க வைப்பதாலோ, கருவி ஒரு கணம் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைகிறது. அப்போது சிமுலேட்டர் எல்லாக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் மறுபடி எண்ணிப் பார்க்கிறது. அதுவரை திரை நகராது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவைத்து, கருவியைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் விண்டோஸ் எழுப்பும் சிறு மணியொலி திக்கலோடு சேர்ந்து கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்திவிட்டு, கருவிகளைக் கணினியின் பின்புறத்தில் நேரடியாகச் செருகுங்கள். செலவில்லாமல் தீரும் கோளாறு இது.

குறிப்பிட்ட இடத்துக்கு மேல் மட்டும் வரும் திக்கல் வேறு வகை. எக்ஸ்-பிளேன் இந்த உலகத்தை அட்சக் கோட்டில் ஒரு பாகை, தீர்க்கக் கோட்டில் ஒரு பாகை கொண்ட கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வடக்கு 10 பாகைக் கோடு நம் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில்தான் செல்கிறது. காரைக்குடி அதற்கு மேலே ஒரு கட்டத்திலும், தேவகோட்டை அதற்குக் கீழே அடுத்த கட்டத்திலும் இருக்கின்றன. கட்டம் மாறும் பகுதியை நெருங்கும்போது எக்ஸ்-பிளேன் அடுத்த நிலப்பரப்பைப் பின்னணியில் ஏற்றிக்கொள்ளும். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரித்த கனமான நிலக்காட்சிகளைப் பழைய ஹார்டு டிஸ்க்கில் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேளையில் விமானம் தடுமாறும். அவற்றை எஸ்எஸ்டிக்கு மாற்றுவதும், அந்த எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பாமல் இடம் விட்டு வைப்பதும் இதற்கு வழி.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோ நிலக்காட்சியின் பெரும்பகுதியை இணையத்தின் வழியே அப்போதைக்கப்போது வாங்கிக்கொள்கிறது. இங்கேதான் நம்மூர் வீடுகளின் அமைப்பு குறுக்கே வருகிறது. ரவுட்டர் முகப்பில், தெருவிலிருந்து கேபிள் உள்ளே வரும் இடத்தில், ஆணியில் தொங்கும்; கணினி இரண்டாம் கட்டில் ஓர் அறைக்குள் இருக்கும்; நடுவில் வளவு எனப்படும் நடுமுற்றத்தைத் தாண்டி, செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவர்கள் இரண்டு மூன்றாவது நிற்கும். கைப்பேசியில் படம் பார்க்க அந்த வைஃபை போதும், ஏனென்றால் படம் முன்கூட்டியே சிறிது தூரம் இறங்கி வைத்துக்கொள்கிறது. விமானத்துக்கு அது போதாது. சராசரி வேகம் நன்றாக இருந்தும், அலை விட்டு விட்டு வருவதால், தரைக்காட்சி மங்கலாக வந்து பிறகு தெளிவதும் இடையிடையே திக்குவதும் நடக்கும். சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. வளவைச் சுற்றி உத்தரத்தை ஒட்டியே ஒரு லேன் கேபிளை இழுத்துக் கணினியில் செருகிவிடலாம். இணையம்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்ள, அமைப்புகளில் ஆன்லைன் தரவை முழுவதும் நிறுத்திவிட்டு அதே இடத்தின் மேல் ஒரு முறை பறந்தால் போதும். தரை அழகாக இராது, ஆனால் திக்கல் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிடும். இறக்கிய தரவைச் சேர்த்து வைக்கும் ரோலிங் கேஷ் என்னும் கோப்பு பழுதடைந்தாலும் இதே போன்ற அறிகுறிகள் தோன்றும். அதை அழித்துப் புதிதாக உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

தலையைத் திருப்பும்போது, அதாவது காக்பிட்டிலிருந்து பார்வையைப் பக்கவாட்டில் சுழற்றும்போது மட்டும் திக்குகிறதா? அப்படியானால் கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட்' நினைவகம் முழுவதும் நிறைந்து 'ஷேர்டு' என்ற கோடு ஏறத் தொடங்கியிருந்தால், படங்கள் கணினியின் ரேமுக்குப் போய்த் திரும்புகின்றன என்று பொருள். 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சர் தரத்தை, அதாவது பரப்புகளின் மேல் போர்த்தப்படும் படங்களின் தரத்தை, அல்ட்ராவில் வைத்திருப்பவர்கள் ஒரு படி இறக்கினால் போதும்; கண்ணுக்கு வேறுபாடு தெரிவதே கடினம்.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பறப்பதில் நம் பகுதியினருக்குத் தனி ஈடுபாடு உண்டு, அது இயல்புதான். காரைக்குடிக்கு மேல் கண்மாய்களையும் பொட்டல்களையும் பார்த்துக்கொண்டு தடையின்றிப் பறந்தவர், பெரிய ஜெட் விமானத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது திக்குகிறது என்பார். இது பிராசசரின் சுமை. விமானத்தின் இயக்கக் கணக்கு, அதன் கருவிகள், பிற விமானங்களின் போக்குவரத்து போன்ற வேலைகளில் கணிசமான பகுதி ஒரே ஒரு முதன்மைத் த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஒரே வேலை வரிசையில்தான் ஓடுகிறது. எட்டு கோர் உள்ள பிராசசரில் அந்த ஒரு வேலை தன்னால் முடிந்த வேகத்தின் எல்லையைத் தொட்டுவிட்டாலும், டாஸ்க் மேனேஜர் மொத்தப் பயன்பாட்டை இருபது, முப்பது சதவீதம் என்றே காட்டும். அதைப் பார்த்துப் பிராசசர் சும்மா இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். டெவலப்பர் மோடில் 'லிமிட்டெட் பை மெயின் த்ரெட்' என்ற வாசகம் தெரிந்தால் புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பயனில்லை. தரைக்காட்சியின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயில் என்ற அளவை 200-இலிருந்து 100-க்கு இறக்குங்கள். விமான நிலையப் போக்குவரத்தைக் குறையுங்கள். காக்பிட் திரைகள் புதுப்பிக்கப்படும் வேகத்தையும் குறையுங்கள். ரேமின் வேகத்தையும் பார்த்துவிடுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புப் பக்கத்தில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்தில்தான் ரேம் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் சேர்த்துக் கொடுத்த கணினிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நன்றாகத் தொடங்கி, அரை மணி நேரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல மோசமாகும் திக்கல் என்றால் இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று ஏதோ ஓர் ஆட்-ஆன் ரேமை விடாமல் விழுங்கிக்கொண்டே போவது. சிமுலேட்டரை மூடி உடனே திறந்தால் சரியாகிவிடுகிறதென்றால் அது ரேம். மூடித் திறந்தும் திக்கினால் அது வெப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். கத்திரி வெயில் காலத்தில் அறையின் வெப்பம் பத்துப் பாகை ஏறினால் பிராசசரின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். 95, 100 பாகை செல்சியஸை ஒட்டியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்மூர்ச் செம்மண் தூசி, பிராசசரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் இடுக்குகளில் படிந்து கம்பளிபோல ஒட்டியிருப்பதைப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாலே காணலாம். மின்விசிறியின் இறக்கையை விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சார்ஜர் முள் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொடர்பு விட்டுப்போனதும் மடிக்கணினி பேட்டரிக்கு மாறி வேகத்தைக் குறைத்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்த பின் முதல் பயணத்தில் மட்டும் வரும் திக்கலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் ஷேடர்கள் என்னும் சிறு நிரல்கள் மறுபடியும் தயாராகின்றன, அவ்வளவுதான்.

ஆட்-ஆன்கள் மேல் சந்தேகம் இருந்தால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் அவை வைக்கப்படும் கம்யூனிட்டி ஃபோல்டரில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுச் சோதனைப் பயணத்தை ஓட்டுங்கள். திக்கல் நின்றுவிட்டால், பாதியை மட்டும் திரும்ப வையுங்கள். திக்கல் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். முப்பத்திரண்டு ஆட்-ஆன்கள் இருந்தாலும் ஐந்து சுற்றில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

இத்தனையும் செய்த பிறகும், பெரிய விமான நிலையங்களில் பிரேம் எண்ணிக்கை 40-க்கும் 50-க்கும் நடுவே ஊசலாடுவது பல கணினிகளில் தீராது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் சாதாரணத் திரையில் 45 பிரேம் ஓடினால், சில பிரேம்கள் ஒரு முறையும் சில இரண்டு முறையும் காட்டப்படுவதால், கோளாறு எதுவும் இல்லாமலேயே காட்சி அதிர்வதுபோலத் தோன்றும். பிரேம் வரும் வேகத்துக்கேற்பத் தன் புதுப்பிக்கும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் வகைத் திரையாக இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பிரேம் எண்ணிக்கையை 30-இல் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும். 60 என்ற எண்ணைத் திரையில் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதில் மனம் ஒப்பாது. ஆனால் சாங்கியின் ஓடுதளத்தில் சக்கரம் படும் வேளையில் கை நடுங்காமல் இறக்க விரும்புகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பது இந்த அமைப்பைத்தான்.

வணக்கம்.