மங்கலான நட்சத்திரத்தை எப்படி அளப்பது?

அனைவருக்கும் வணக்கம். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவது என்றால் கோளைப் படம் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கோள் குறுக்கே போகும்போது அதன் நட்சத்திரத்தின் ஒளி துளி குறையும், அதைத்தான் அளக்கிறோம். சூரியனுக்குக் குறுக்கே பூமி போவதை வெகு தொலைவிலிருந்து பார்த்தால், பத்து லட்சத்தில் 84 பங்குதான் குறையும்.

பிரகாசமான நட்சத்திரம் என்றால் சமாளித்துவிடலாம். மங்கலானதுதான் பாடாய்ப் படுத்தும். 10,000 ஃபோட்டான் (ஒளித்துகள்) எண்ணினால், மறுமுறை சுமார் 100 கூடியோ குறைந்தோ வரும். அது ஒளியின் இயல்பு. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே பிக்சல்களில் பின்னணி வானமும் 10,000 ஃபோட்டானைக் கொட்டினால்? சராசரியைக் கழித்துவிடலாம், ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. பிழை 141 ஆகிவிடும்.

சரி, வான ஒளி குறைய, எண்ணும் பிக்சல்களைக் குறைத்துக்கொள்ளலாமே? நட்சத்திரத்தின் ஓரத்து ஒளி விடுபட்டுப்போகும். தொலைநோக்கி லேசாக அசைந்தால் விடுபடும் அளவும் மாறும். கோள் மறைப்பதுபோல ஏமாற்றும்.

2009இல் ஏவிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி இதில்தான் மாட்டிக்கொண்டது. திசையைப் பிடித்து வைக்கும் நான்கு சக்கரங்களில் ஒன்று 2012இலும் இன்னொன்று 2013இலும் பழுதாயின. மீதி இரண்டோடு, சூரிய ஒளியின் அழுத்தத்தையே துணையாக வைத்து 2014இல் 'கே2' என்ற பெயரில் மறுபடி வேலைக்கு இறக்கினார்கள். அந்தத் துணிச்சலைப் பாராட்டியே ஆகவேண்டும்! ஆனாலும் கலம் மெல்ல உருளும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உந்திகள் அதை நேராக்கும். பிக்சலுக்குப் பிக்சல் உணர்திறன் வேறு. அளந்த ஒளி மரம் அறுக்கும் ரம்பத்தின் பல்போல ஏறி இறங்கியது.

இங்கேதான் ஓர் அழகான யோசனை. கோள் மறைத்தால் எல்லாப் பிக்சலும் ஒரே விகிதத்தில் மங்கும்; மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்கு மாறாது. கலம் அசைந்தால் பங்குதான் மாறும். அப்படியானால் பங்குகளின் மாற்றத்தைக் கொண்டே அசைவின் பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மங்கல் நட்சத்திரத்தில் அந்தப் பங்குகளும் தாறுமாறாக ஏறி இறங்குமே? அதற்கும் வழி உண்டு. வானியலாளர் ராட்ரிகோ லூகர் குழுவினர், அசைவை அறிய அக்கம்பக்கத்துப் பிரகாசமான நட்சத்திரங்களின் பிக்சல்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கும்ப ராசித் திசையில் டிராப்பிஸ்ட்-1 என்றொரு குளிர்ந்த சிவப்பு நட்சத்திரம், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கெப்ளருக்கு அது ரொம்ப மங்கல். அதன் ஏழாவது கோள் ஒரே ஒருமுறைதான் குறுக்கே போய்ப் பிடிபட்டிருந்தது. அதன் ஆண்டின் நீளம், அதாவது நட்சத்திரத்தை ஒருமுறை சுற்றும் காலம், தெரியவில்லை. மற்ற ஆறு கோள்கள் சுற்றும் காலங்களின் தாளத்தை வைத்து 18.77 நாள் என்று லூகர் குழு கணித்தது. 2017இல் கே2 தரவைச் சுத்தம் செய்து பார்த்தபோது, மறைப்புகள் அந்த இடைவெளியிலேயே வந்து நின்றன.

கோள் தேடும் இன்னொரு விண்வெளித் தொலைநோக்கியான டெஸ்ஸுக்குத் தலைவலி வேறு. அதன் ஒரு பிக்சல் 21 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அகலம், கெப்ளருக்கு 4தான். பக்கத்து நட்சத்திரங்களும் அதே பிக்சலில் வந்து விழும். பாதி ஒளி அயலானுடையது என்றால், கோள் மறைக்கும்போது ஒளி குறைவதும் பாதியாகத் தெரியும். உண்மையில் கோளின் ஆரம் நாம் நினைத்ததைவிட 1.4 மடங்கு. ஆகவே கையா விண்கலம் தந்த நட்சத்திர இடங்களை வைத்து, யாருடைய ஒளி எவ்வளவு என்று முதலில் பிரித்துவிடுகிறார்கள். அப்புறம்தான் கோளின் அளவைப் பற்றிப் பேச்சு.