நீலத் தோலுக்குள் மூன்று எலக்ட்ரான்கள்

வணக்கம் தம்பி தங்கைகளே. இன்றைக்குப் பேரணாம்பட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். கையில் இருப்பதைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். ஆட்டுத் தோல். வெளிர் நீலமாக இருக்கிறது இல்லையா? சாயம் எதுவும் போடவில்லை. தோல் பதனிடும் டேனரியில் இதை வெட் ப்ளூ என்பார்கள். அப்பா பல வருடம் அங்கே டிரம்மில், அதாவது தோலைப் பதப்படுத்தச் சுழலும் பெரிய பீப்பாயில், தோல் ஏற்றி இறக்கியவர். இந்த நீலத்தைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். இது குரோமியத்தின் நிறம் என்று பதினொன்றாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

போன வாரம் டியூஷனில் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, 4எஸ்தானே முதலில் நிரம்புகிறது? அயனியாகும்போது கடைசியில் வந்த 3டிதானே முதலில் போகணும்?" ரொம்ப நல்ல கேள்வி. 4எஸ், 3டி என்பவை அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்கள், ஆர்பிட்டால்கள் என்பார்கள். இங்கே அயனியாவது என்றால் அணு எலக்ட்ரானை இழப்பது. பலர் இதைக் கேட்காமலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

பொட்டாசியத்தின் அணு எண் 19, கால்சியம் 20. இந்த இரண்டிலும் 4எஸ் எலக்ட்ரான் அணுக்கருவுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் ஊடுருவிப் போகும். அதனால் அதன் ஆற்றல் 3டியை விடக் குறைவு, அது முதலில் நிரம்புகிறது. ஸ்காண்டியம் 21-இல் இருந்து கருவில் புரோட்டான் ஏற ஏற, 3டி நன்றாக உள்ளே இழுபட்டு அதன் ஆற்றல் இறங்கிவிடும். 4எஸ் வெளியே நிற்கும், அதனால் அயனியாகும்போது அதுதான் முதலில் போகும். நிரப்பும் வரிசையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் கருவே மாறிக்கொண்டு போகிறது. அயனியாகும்போது கரு அதேதான், எலக்ட்ரான் மட்டும் போகிறது. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வராது.

இப்போது குரோமியம், அணு எண் 24. 3டி4 4எஸ்2, அதாவது 3டியில் நான்கு எலக்ட்ரான், 4எஸ்-இல் இரண்டு என்று எழுதத்தான் கை போகும். உண்மையில் 3டி5 4எஸ்1. ஒரே திசைச் சுழற்சி உள்ள எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளலாம், அதில் ஆற்றல் குறைகிறது. நான்கு பேர் இருந்தால் 6 ஜோடி, ஐந்து பேர் என்றால் 10 ஜோடி. ஒவ்வொருவரும் மற்றவரோடு கை குலுக்குவதாக எண்ணிப் பாருங்கள், கணக்கு வரும். ஆனால் "சரிபாதி நிரம்பினால் நிலைத்தன்மை" என்பதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அதே தொகுதியில் கீழே உள்ள டங்ஸ்டன் 5டி4 6எஸ்2 என்றே இருக்கிறது.

சரி, தோலுக்கு வருவோம். டிரம்மில் போடுவது குரோமியம் சல்பேட். அதில் இருப்பது மூன்று எலக்ட்ரானை இழந்த குரோமியம், அதாவது மூன்று ப்ளஸ் அயனி. 4எஸ்-இல் இருந்த ஒன்று போயிற்று, அப்புறம் 3டியில் இருந்து இரண்டு. மீதி 3டி3. தோலின் கொலாஜன் புரதத்தில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளை இந்த அயனி பிடித்துக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. அயனியைச் சுற்றி ஆக்சிஜன்கள் நிற்பதால் ஐந்து டி ஆர்பிட்டால்களும் ஒரே மட்டத்தில் இல்லாமல் இரண்டு மட்டமாகப் பிரிகின்றன. அந்த மூன்று எலக்ட்ரான்கள் கீழ் மட்டத்தில் இருந்து மேலே தாவ ஒளியில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. எடுக்காமல் விட்டதுதான் நம் கண்ணுக்கு நீலம். மாணிக்கக் கல்லின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் இதே மூன்று எலக்ட்ரான்களால் வருபவை. சுற்றி இருக்கும் அணுக்கள் மாறினால் நிறமும் மாறும்.

ஆறு எலக்ட்ரானும் போனால் ஆறு ப்ளஸ். ஆய்வகத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட் இதுதான். டியில் தாவ எலக்ட்ரானே இல்லை, ஆக்சிஜனில் இருந்து குரோமியத்துக்கு எலக்ட்ரான் தாவுவதால் அந்த நிறம். இது புற்றுநோய் தரக்கூடிய விஷம். செல் உள்ளே விடும் சல்பேட்டைப் போலவே உருவம் இருப்பதால், ஆறு ப்ளஸ் குரோமியம் உள்ள குரோமேட் செல்லுக்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது. மூன்று ப்ளஸ் அவ்வளவு சுலபமாக நுழையாது. ராணிப்பேட்டையில் நிலத்தடி நீருக்காக மக்கள் இவ்வளவு கவலைப்படுவது இந்த ஆறு ப்ளஸை நினைத்துத்தான். வாயால் பிப்பெட் உறிஞ்சாதீர்கள், தயவுசெய்து.

இரும்பு, அணு எண் 26. அதன் இரண்டு ப்ளஸ் அயனிக்கு எலக்ட்ரான் அமைப்பை நோட்டில் எழுதிப் பாருங்கள். வெயில் ஏறிவிட்டது, நான் கீழே போகிறேன்.