காங்கோ ஆற்றின் இரு கரைகள்

நேயர்களுக்கு வணக்கம். உயிரினங்களில் மனிதனுக்கு மிக நெருங்கிய உறவுகள் சிம்பன்சியும், அதைப் போன்றே வாலில்லாக் குரங்கான போனோபோவும்தான். போனோபோ ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுக்குத் தெற்கே உள்ள காடுகளில் மட்டுமே வாழ்கிறது. சிம்பன்சி அந்தப் பக்கம் இல்லவே இல்லை. பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு மண்டையோடு, வளர்ந்த விலங்கினுடையதாக இருந்தும் அளவில் சிறுத்திருப்பதையும், அது ஆற்றின் தென்கரையிலிருந்து வந்தது என்பதையும் கவனித்த விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்வார்ஸ், 1929இல் போனோபோவைச் சிம்பன்சியின் துணையினமாக அறிவித்தார். 1933இல் மற்றொரு விலங்கியலாளர் ஹெரால்டு கூலிட்ஜ் அதைத் தனி இனமென்றே நிறுவினார்.

இரண்டும் பொதுவாக நீந்துவதில்லை. ஆகவே ஒரு கரையில் தோன்றும் மரபணு மாற்றம், இனக்கலப்பின் வழியாக மறு கரைக்குப் போய்ச் சேர வழியில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தந்தக் கரையின் மாற்றங்கள் அங்கேயே சேர்ந்துகொண்டு வர, ஒரே மூதாதையின் வழிவந்தவை ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு இனங்களாகப் பிரிந்தன.

ஆறு புதிதாகத் தோன்றி ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிளந்தது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கேட்பதற்கு எளிதான விளக்கம்தான். ஆனால் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே, கடலடியில் படிந்த வண்டலை ஆராய்ந்தவர்கள், காங்கோ சுமார் 3.4 கோடி ஆண்டுகள் பழமையானது என்கிறார்கள். அப்படியானால் இந்தப் பிரிவுக்கு வெகுகாலம் முன்பே ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கடும் வறட்சி நிலவிய ஒரு காலத்தில் நீர் வற்றி, மேல்பகுதியில் எங்கோ ஆழம் குறைந்த இடத்தில் ஒரு சிறு கூட்டம் தெற்கே கடந்திருக்கலாம், வெள்ளம் திரும்பியபின் அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம் என்பதே இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அதன்பின் தடை முழுமையாகவும் இருக்கவில்லை. 2016இல் வெளியான மரபணு ஆய்வொன்று, மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளின் மரபணுத்தொகையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதி போனோபோவிடமிருந்து வந்தது எனக் காட்டியது. ஆற்றிலிருந்து வெகுதொலைவில் வாழும் மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளோடு ஒப்பிட்டபோதே இது தெளிவாகியது. இக்கலப்பின் பெரும்பகுதி சுமார் 5.5 லட்சம் முதல் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது, இனங்கள் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் கழிந்தபின்.