நாலாவது ஆள் இல்லாத மறுவருகை

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வயதான ராக் குழு ஒன்று திரும்ப வருகிறேன் என்று அறிவித்தால் ரசிகர்கள் ஏன் சந்தோஷப்படாமல் கோபப்படுகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்பது என் கருத்து. பிளாக் சபாத் குழுவுக்கு நடந்ததை வைத்தே அதைச் சொல்கிறேன்.

2011 நவம்பர் 11. லாஸ் ஏஞ்சலஸில் விஸ்கி அ கோ கோ என்ற பழைய இசை விடுதியில் நான்கு பேர் ஒன்றாக வந்து நின்றார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், கிதார் டோனி அயோமி, பேஸ் கிதார் கீசர் பட்லர், ட்ரம்ஸ் பில் வார்ட். நால்வரும் இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆஸ்டன் பக்கத்துப் பையன்கள். 1968-இல் சேர்ந்தவர்கள், அன்றைக்கு அறுபதைத் தாண்டியிருந்தார்கள். புது ஆல்பம் வருகிறது, உலகச் சுற்றுப்பயணம் வருகிறது என்றார்கள். நால்வரும் சேர்ந்து கடைசியாக முழு ஆல்பம் போட்டது 1978-இல். முப்பத்து மூன்று வருடக் காத்திருப்பு முடிந்தது என்று உலகமெங்கும் ரசிகர்கள் நினைத்தார்கள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2012 பிப்ரவரியில் பில் வார்ட் ஓர் அறிக்கை விட்டார். கொடுத்த ஒப்பந்தம் கையெழுத்துப் போடக்கூடியதாக இல்லை, சரியான ஒப்பந்தம் வந்தால் ஒழிய வரமாட்டேன் என்றார். மற்ற மூவரும் அவர் இல்லாமலே கிளம்பினார்கள். ரசிகர்களின் கோபம் அங்கேதான் தொடங்கியது.

ட்ரம்ஸ் வாசிக்கிறவர்தானே, வேறொருவரைப் போட்டால் போயிற்று என்று தோன்றலாம். 1970-இல் வந்த ‘வார் பிக்ஸ்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கிதார் இரண்டே இரண்டு முறை ஓங்கி அறைந்துவிட்டு அடங்கிவிடும். ஆஸி தனியாக ஒரு வரி பாடுவார். அவருக்குத் துணையாக ஹை-ஹாட் தாளத்தகடுகளின் ‘டிக் டிக்’ மட்டும். மறுபடி கிதார் அறையும், மறுபடி அந்த ‘டிக் டிக்’. பாட்டின் பயம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவர் கணக்குப் பிசகாமல் தட்டிக்கொண்டே போகிற ஆள் இல்லை. அயோமி என்ன செய்கிறார் என்று பார்த்து அதற்குப் பதில் சொல்வார், கொஞ்சம் பின்தங்குவார், திடீரென்று முந்துவார். அந்த ஊசலாட்டம் இல்லாவிட்டால் பாட்டு விறைத்துப்போகும். பின்னால் வந்தவர்கள் திறமைசாலிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் வாசித்தது வார்ட் வாசித்ததை.

2013-இல் வந்த ஆல்பத்துக்கு ‘13’ என்றே பெயர். தயாரிப்பாளர் ரிக் ரூபின், ட்ரம்ஸ் வேறொரு புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவைச் சேர்ந்த பிராட் வில்க். பிரிட்டனில் அது முதலிடத்துக்கு வந்தது. 1970-க்குப் பிறகு அவர்களுடைய எந்த ஆல்பமும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. ஆகவே வியாபாரம் நன்றாகவே நடந்தது. ரசிகர்கள் வாங்கினார்கள், கேட்டார்கள், வருத்தமும் பட்டார்கள். வருத்தம் இருந்தால் ஏன் வாங்கினீர்கள் என்று அவர்களை மடக்குவது சரியில்லை. வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணனைக் கூப்பிடவில்லை என்று மனம் கசந்தாலும் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்போமா?

வார்டின் உடல்நிலை உலகச் சுற்றுப்பயணத்தைத் தாங்காது என்று ஆஸி பின்னால் பேட்டிகளில் சொன்னார். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1998-லேயே வார்டுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. இரவுக்கு இரவு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ட்ரம்ஸ் வாசிப்பது கடுமையான உடலுழைப்பு. ஒரு ரசிகராக இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே சமயத்தில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். 2012 ஜனவரியில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. குழு என்ன செய்தது? அவருடைய சிகிச்சைக்காக வேலையை இங்கிலாந்துக்கு மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டின் பெரிய சுற்றுப்பயணம் சுருங்கி மூன்றே நிகழ்ச்சிகள் ஆயிற்று: பர்மிங்காம், இங்கிலாந்தின் டவுன்லோட் இசை விழா, சிகாகோவில் லோலாபலூசா இசை விழா. அயோமிக்காக எல்லாம் வளைந்தது. வளையத்தான் வேண்டும், அதுதான் மனிதத்தனம். அந்த வளைவு வார்டுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? ரசிகர்கள் கேட்டது இந்த ஒரு கேள்விதான்.

இந்தக் குழுவின் இசையே ஒரு காயத்துக்கு வளைந்துகொடுத்துப் பிறந்தது என்பதால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கடைசி நாள் வேலையில் இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் போட்டு மறுபடி வாசித்தார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார்கள். ஹெவி மெட்டல் என்று நாம் சொல்லும் அந்தக் கனமான நாதத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்படி வளர்ந்த குழு, கிழவரான ட்ரம்மருக்காக நிகழ்ச்சியைச் சின்னதாக்கத் தெரியாமல் போயிற்றா?

எனக்குத் தெரிந்த காரணம் இது. இசை வணிகத்தில் மறுவருகை என்றால் ஓர் ஆல்பம், கண்டம் கண்டமாகச் சுற்றுப்பயணம், பெரிய அரங்குகள் என்று ஆகிவிட்டது. திட்டத்தை முதலில் போட்டுவிடுகிறார்கள். அறுபது, எழுபது வயது உடம்பு அதற்குள் அடங்கவில்லை என்றால் திட்டத்தைக் குறைப்பதில்லை, ஆளைக் குறைக்கிறார்கள். ரசிகர் கேட்பது திட்டத்தை அல்ல, அந்த நாலு பேரை.

2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் ‘கடைசி நிகழ்ச்சி’ நடந்தது. அந்த மேடையிலும் வார்ட் இல்லை. அத்தோடு சரி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்புறம் 2025 ஜூலை 5 வந்தது. ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், நால்வரும் ஒன்றாக வாசித்தார்கள். இருபது வருடத்தில் முதல் முறை. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். 77 வயது வார்ட் பின்னால் ட்ரம்ஸில். மொத்தம் நாலே பாட்டு. முதல் பாட்டு ‘வார் பிக்ஸ்’. வருமானம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீராநோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் விடுதிக்கும் போனது. நாலு பாட்டு போதாது என்று குறைபட்ட ஒரு ரசிகரையும் நான் பார்க்கவில்லை. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ஆம் தேதி, ஆஸி காலமானார்.

கடைசியில் சேர்ந்துவிட்டார்களே, இன்னும் எதற்குப் புலம்பல் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அந்த மேடை 2012-இல், ஆஸியால் எழுந்து நின்று பாட முடிந்த காலத்தில் நடந்திருக்கலாம். உலகம் சுற்ற வேண்டாம், பர்மிங்காமில் ஒரே ஒரு மாலை போதும். ‘13’ ஆல்பத்தில் நாலு பாட்டுக்காவது வார்ட் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பாட்டுகளை இனி அந்த நால்வர் வாசிக்க வழியே இல்லை.

நன்றி. வணக்கம்.